மூடிய தட்டும் திறந்த தட்டும்

சென்னையிலிருந்து திருச்சி நோக்கி ஓடும் பெருஞ்சாலையில், திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரத்தை எட்டுமுன் வருவது கூட்டேரிப்பட்டு. மயிலத்திற்குச் செல்லும் சாலை பிரியுமிடம். பள்ளி முடிந்த மாலை வேளைகளில் பேருந்துக்காக அங்கே காத்து நிற்பவர்களுள் நாமும் உண்டு.

சென்ற தை மாதத்து மாலை ஒன்றில், சாலையோரமாக ஒரு சீர்வரிசை வந்தது. முன்னே மேளம். பின்னே பெண்கள் வரிசை. கைதோறும் தட்டு, தட்டுதோறும் பழம், பலகாரம், பட்டு, வெள்ளி. அதற்கும் பின்னே சிறு லாரி ஒன்று. கட்டில், பீரோ, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், மாலை சூட்டிய மோட்டார் சைக்கிள் என்று அத்தனையும் அதன்மேல். எதன்மீதும் ஒரு முழத் துணி இல்லை. மூடிவிட்டால் எண்ண முடியாதே! கடை வாசலில் நின்றவர்கள் எண்ணினார்கள்; தேநீர் குடித்துக் கொண்டிருந்தவர்கள் எண்ணினார்கள்; பேருந்துக்கு நின்றவர்களும் எண்ணினார்கள்.

நம் அருகில் நின்ற மாணவி ஒருத்தியும் எண்ணினாள். பத்தாம் வகுப்பில் படிப்பவள்.

"முப்பத்தொரு தட்டு, ஐயா" என்றாள். சற்றுப் பொறுத்து, "எங்கள் அக்காவுக்குப் பதினொன்றுதான் வைத்தார்கள். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். எனக்கு எத்தனை வைக்க வேண்டுமென்று அப்பா இப்போதே கணக்குப் போடுகிறார். பன்னிரண்டுக்கு மேல் படிக்க வைத்தால் அந்தக் கணக்கு இடிக்குமாம்" என்றாள்.

பேருந்து வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். அவள் சொல் மட்டும் போகவில்லை. படிப்புக்கும் தட்டுக்கும் இடையே ஒரு பெண்ணின் வாழ்வு எடை போடப்படுகிறது. தராசைப் பிடித்திருப்பவர் கொடியவர் அல்லர், அவளைப் பெற்ற தந்தை. அவர் கையை நடுங்க வைப்பது எது? தெருவின் கண். திறந்த தட்டை எண்ணுகின்ற தெருவின் கண்!

கடல் கடந்த நாடு ஒன்றின் வழக்கத்தை இங்கே நினைத்துப் பார்ப்போம். ஜப்பானியர் பொருள்களைச் சுற்றி எடுத்துச் செல்லவும், பரிசு கொடுக்கவும் ஒரு சதுரத் துணி வைத்திருக்கிறார்கள். 'ஃபுரோஷிகி' என்பது அதன் பெயர். 'ஃபுரோ' என்றால் குளியல். 'ஷிகி' என்றால் விரிப்பு. 1603 முதல் 1868 வரை நீடித்த எடோ காலத்தில், பொதுக் குளியலகங்களுக்குச் சென்றவர்கள் தம் உடைகளை மூட்டையாகக் கட்டி வைத்த துணிக்கு அப்பெயர் நிலைத்தது. பெயர் அன்று வந்தது. பழக்கம் அதனினும் பழையது. நாரா நகரத்து ஷோசோயின் கருவூலத்தில், எட்டாம் நூற்றாண்டின் அரும்பொருள்களைச் சுற்றி வைத்த துணிகள் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. பின்னாளில் வணிகன் சரக்கைக் கட்டினான். மாணவன் புத்தகத்தைக் கட்டினான். உறவினன் பரிசைக் கட்டினான். பசை இல்லை, கத்தரி இல்லை, ஆணி இல்லை. ஒரு முடிச்சு, அவ்வளவே. பச்சை நிலத்தில் வெள்ளைக் கொடி சுருண்டு படரும் 'கராகுசா' என்னும் கோலம் அவற்றுள் பெயர் பெற்றது. அறுபடாமல் படரும் கொடி நீண்ட வாழ்வுக்கு அடையாளம் என்பர்.

'ஃபுகுசா' என்று மற்றொரு துணியும் அவர்களிடம் உண்டு. பரிசுப் பெட்டியைத் தட்டில் வைத்து, அதன்மேல் போர்த்துவது. கொக்கும் ஆமையும் பைன் மரமும் பட்டு நூலில் பூத்திருக்கும். அழகான துணிதான், ஆயினும் அதன் சிறப்பு அழகில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது. தெருவில் போகும்போது உள்ளே இருப்பது என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. பெற்றவர் பொருளை எடுத்துக்கொண்டு, துணியைத் தட்டோடு திருப்பி அனுப்புவார். ஃபுரோஷிகியும் அப்படியே. வீட்டுக்குள் சென்றதும் முடிச்சை அவிழ்த்துப் பரிசை நீட்டிவிட்டு, துணியைக் கொண்டுவந்தவரே மடித்து எடுத்துக் கொள்வது மரபு. பொருள் கைமாறும். துணி வீடு திரும்பும். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் மிஞ்சாது.

ஜப்பான் பொன்னுலகம் என்று நாம் சொல்ல வரவில்லை. பெற்ற பரிசுக்கு ஏறத்தாழப் பாதி மதிப்பில் பதில் பரிசு அனுப்ப வேண்டும் என்னும் கட்டாயம் சில நிகழ்ச்சிகளில் அங்கும் உண்டு. மணவீட்டுக்குப் பணம் கொடுக்கிறவர் உறையின்மீது தம் பெயரை எழுதித்தான் கொடுக்கிறார். கடமை என்னும் சுமையிலிருந்து அவர்களும் விடுபட்டவர்கள் அல்லர். ஆனால் அந்தச் சுமையைத் தெருவில் இறக்கி வைத்து எண்ணிக் காட்டுவதில்லை. அந்த ஒரு வேறுபாடே நமக்குப் போதும்.

பகுத்தறிவு பேசுவோர்க்கு இங்கே ஒரு சங்கடம் எழும். மூடுவதா நம் வேலை? மூடிய கதவைத் திற, மூடிய ஏட்டைத் திற, மூடிய மூளையைத் திற என்று முழங்கியவர்கள், பரிசை மட்டும் மூடிவை என்று சொல்லலாமா? திறந்திருப்பது உண்மை, மூடியிருப்பது பொய் அன்றோ? நேரான கேள்வி. விடையும் நேராகவே இருக்கட்டும்.

முதலில், திறந்த தட்டு உண்மை பேசுகிறதா என்று பார்ப்போம். தட்டு திறந்திருக்கிறது, கடன் பத்திரம் மூடியிருக்கிறது. வெள்ளி விளக்கு தெரிகிறது. அதை வாங்க அடகுக்குப் போன நிலம் தெரியவில்லை. கட்டில் தெரிகிறது, கட்டாயம் தெரியவில்லை. மோட்டார் சைக்கிள் மாலையோடு ஊர்வலம் வருகிறது; அதைக் கேட்டு வாங்கிய வாய் பந்தலுக்குள் புன்னகையோடு உட்கார்ந்திருக்கிறது. விலையைக் காட்டி வினையை மறைப்பதற்கு உண்மை என்று பெயர் சூட்டலாகாது. துணியே இல்லாமல் மூடி வைக்கும் வித்தை அது!

மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். தரகர் தம் தோள் துண்டை எடுத்து, விற்பவர் கைமீது போடுவார். துண்டுக்கு அடியில் விரல் விரலைப் பிடிக்கும். விரல்கள் விலை பேசும். சுற்றி நிற்பவர்க்கு விலை தெரியாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் விலை பேசும்போது ஒரு துண்டு போட்டு மறைக்கும் நாகரிகம் படைத்த நாடு, மணமகனுக்கு விலை கொடுக்கும்போது மட்டும் மேளம் கொட்டி ஊரைக் கூட்டுகிறது. மாட்டுக்குக் கொடுத்த மரியாதையை மகனுக்குக் கொடுக்கவில்லை. மகளுக்கோ எண்ணிப் பார்க்கவே இல்லை.

அடுத்து மொய். ஆயிரம் எழுதியவர் பெயரை ஒலிபெருக்கி அடைமொழியோடு அழைக்கிறது. நூறு எழுதிய கூலிக்காரர் பெயரை அதே ஒலிபெருக்கி அவசரமாக விழுங்குகிறது. நூறு ரூபாய் அவருக்கு எத்தனை மணி நேர உழைப்பு, ஆயிரம் ரூபாய் அவருக்கு எத்தனை நொடி வருவாய் என்று ஒலிபெருக்கி அறியாது. அது தொகையை அறியும், தியாகத்தை அறியாது. வாழ்த்த வந்தவர் தலை குனிந்து வெளியேறுவாரானால், அங்கே நடந்தது விருந்தா, விசாரணையா?

மொய்க்கும் ஒரு நியாயம் உண்டு. அதை மறுக்க மாட்டோம். வங்கிப் படியை மிதிக்க முடியாத எளியவர்க்கு மொய் வட்டியில்லாக் கடன். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனி விருந்து வைத்து, முடங்கிய குடும்பங்கள் முதல் திரட்டிக் கொள்கின்றன. கடன் என்றால் கணக்கு வேண்டும். கணக்கு என்றால் ஏடு வேண்டும். வேண்டும்தான். ஆனால் ஏடு போதுமே, எக்காளம் எதற்கு? எழுதியவரும் பெற்றவரும் அறிந்தால் கணக்கு நேராகிவிடும். ஊரே அறிய வேண்டுமென்றால் அது கணக்கன்று, கவுரவத்தின் ஏலம்.

அளந்து கொடுத்து அளந்து திரும்பப் பெறுவதற்கு வள்ளுவர் 'குறியெதிர்ப்பை' என்று பெயர் வைத்தார். அதை ஈகை என்று அவர் ஒப்பவில்லை. இல்லாதவர்க்குக் கொடுப்பதையே ஈகை என்றார். கைம்மாற்று கைம்மாற்றாக இருப்பதில் குற்றமில்லை. அதற்கு அன்பு என்று பெயர் வைத்துக் கொள்வதே குற்றம். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு என்பது பல சமுதாயங்களில் கொடுக்கவும், பெறவும், திருப்பவும் கட்டாயப்படுத்தும் மூன்று கடமைகளின் முடிச்சு என்று காட்டினார். நம் ஊர் மொய் ஏட்டைப் புரட்டியிருந்தால் அவர்க்கு இன்னும் நூறு பக்கம் சான்று கிடைத்திருக்கும்!

இந்த முடிச்சை அறுத்த ஒருவன் கதை நம் பழைய இலக்கியத்தில் இருக்கிறது. குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தான் பேகன். அறியாமை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மயிலுக்குப் போர்வை தேவையில்லை என்பது நமக்கும் தெரியும். அந்தக் கதை இத்தனை நூற்றாண்டு நிலைத்ததற்குக் காரணம் வேறு. மயில் திருப்பி மொய் எழுதாது. மயில் வீட்டுத் திருமணத்திற்குப் பேகன் போகப் போவதில்லை. பதிலை எதிர்பார்க்காத கை ஒன்று, துணியைக் கொண்டு ஓர் உயிரைப் போர்த்தியது. துணியின் வேலை போர்த்துவது, காப்பது.

இப்போது உரைகல்லை எடுப்போம். மூடுவது பண்பா, பொய்யா? மூடுதுணி யாரைக் காக்கிறது என்று கேளுங்கள், விடை கிடைத்துவிடும். இல்லாதவர் கொண்டுவந்த சிறு பொருளைத் தெருவின் கண்ணிலிருந்து காக்குமானால், அத்துணி பண்பு. பறித்தவன் பறிப்பைச் சட்டத்தின் கண்ணிலிருந்து காக்குமானால், அத்துணி பொய். மூடுவதெல்லாம் பொய்யன்று, திறப்பதெல்லாம் மெய்யுமன்று.

பின்னே சொன்ன துணியும் நம் நாட்டில் நெய்யப்படுகிறது. நூலால் அன்று, சொல்லால். 1961-ஆம் ஆண்டே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. 1984-இல் அது திருத்தப்பட்டது. கேட்காமல் கொடுக்கப்படும் அன்பளிப்பு குற்றமாகாது; ஆனால் பட்டியல் எழுதப்பட வேண்டும்; பெண் வீட்டார் கொடுப்பது வழக்கமானதாகவும், கொடுப்பவர் வசதிக்கு மிஞ்சாததாகவும் இருக்க வேண்டும் என்றது திருத்தம். 1985-இல் வந்த விதிகள் அந்தப் பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்றும் வகுத்தன. பொருள் என்ன, ஏறத்தாழ என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி, மணமகளும் மணமகனும் கையெழுத்திட வேண்டும்.

எத்தனை திருமணங்களில் அந்தப் பட்டியல் எழுதப்படுகிறது? கத்தரிக்காய்க்கும் வாழையிலைக்கும் பட்டியல் எழுதுகிறோம். மொய்க்கு எழுதுகிறோம், இப்போது அதற்குக் கணிப்பொறியும் வைக்கிறோம். சட்டம் கேட்ட பட்டியலை மட்டும் எழுத மறக்கிறோம். கேட்டு வாங்கியதை 'ஆசையாகச் செய்தார்கள்' என்னும் பட்டுத் துணியில் சுற்றிக் கொள்கிறோம். தெருவுக்குத் திறந்து காட்டுகிறோம், சட்டத்திற்கு மூடிவிடுகிறோம். செய்ய வேண்டியதோ நேர் எதிர். தெருவுக்கு மூடு, சட்டத்திற்குத் திற! அந்தப் பட்டியல் பெண்ணுக்குக் கவசம். நாளை அவள் அந்த வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால், எது தன்னுடையது என்று காட்ட அவள் கையில் இருக்கும் சான்று அதுவே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் வரதட்சணைச் சாவுகள் என்று பதிவான வழக்குகள் 6,000-க்கும் மேல். ஒவ்வொரு வழக்குக்கும் முன்னே ஒரு மேளம் ஒலித்திருக்கும். ஒரு தட்டு வரிசை போயிருக்கும். தெரு எண்ணியிருக்கும்.

சீர் என்பது மகளுக்குத் தந்தை கொடுக்கும் சொத்துப் பங்குதானே என்று வாதிடுவாரும் உளர். பங்கு கொடுப்பதை நாமும் வரவேற்கிறோம். தமிழ்நாட்டில் 1989-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம், பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை என்று சொல்லிவிட்டது. அப்படியானால் நிலத்தில் பங்கைப் பத்திரத்தில் எழுதுங்கள். பத்திரம் அவள் பெயரில் இருக்கும். தட்டோ மாமியார் வீட்டுப் பரணில் இருக்கும். எது பங்கு, எது பகட்டு என்று இனியும் விளக்க வேண்டுமா?

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. புரோகிதர் இன்றி, மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ, உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டால் அது செல்லும் என்று 1967-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. எத்துணை எளிமை! அந்தச் சட்டம் கேட்பது ஒரு மாலை. முப்பத்தொரு தட்டு அன்று. ஆயினும் மேடையில் சீர்திருத்தத் திருமணம், மேடைக்குப் பின்னே சீர் நிறைந்த லாரி என்னும் காட்சியை நாம் கண்டதில்லையா? மந்திரத்தை நிறுத்தினோம், மகிழ்ச்சி. தட்டை நிறுத்தினோமா? ஐயர் போன இடத்தில் ஐந்து பவுன் வந்து உட்கார்ந்தால், திருத்தம் எங்கே முடிந்தது? அடுத்தவர் மூடத்தனத்தைக் கேலி பேசுவது எளிது. நம் வீட்டு வாசலில் நிற்கும் லாரியைத் திருப்பி அனுப்புவதே அரிது.

வழி தெரியாமல் தடுமாற வேண்டியதில்லை. திருமண மண்டபத்தின் வாசலிலேயே வழி இருக்கிறது. விருந்து முடிந்து வெளியே வருகிறோம். தாம்பூலப் பை கொடுக்கிறார்கள். மஞ்சள் துணிப்பை, உள்ளே ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு. ஆயிரம் எழுதியவர்க்கும் அதே பை. நூறு எழுதியவர்க்கும் அதே பை. ஒன்றும் எழுத இயலாமல் வாழ்த்த மட்டும் வந்த பாட்டிக்கும் அதே பை. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. தெரிந்தாலும் வேற்றுமை இல்லை. ஜப்பானியர் பட்டில் செய்ததை நம் மக்கள் பருத்தியில் செய்து வைத்திருக்கிறார்கள்!

அந்தப் பையைத்தான் நாம் இடையிலே இகழ்ந்தோம். மஞ்சப்பையோடு பட்டணம் வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்தோம். நெகிழிப் பையை நாகரிகம் என்று தூக்கிக் கொண்டோம். குளமும் கால்வாயும் அடைத்துக் கொண்ட பின்னர், 2019 சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 திசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ஜப்பானிலும் இதே கதைதான். கடைப் பைகளின் பெருக்கத்தில் ஃபுரோஷிகி பின்தள்ளப்பட்டது. 2006-இல் சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த யூரிகோ கொய்கே, வீணாக்கலாகாது என்னும் பொருள் தரும் 'மொத்தாய்னாய்' என்ற பெயர் சூட்டி, அந்தத் துணியை மீண்டும் கையிலெடுக்கச் சொன்னார். 2020 சூலை முதல் அங்கே கடைகளில் நெகிழிப் பைக்கு விலை வைத்தார்கள். இரு நாடுகளும் துணிக்குத் திரும்புகின்றன. மண்ணைக் காக்கத் திரும்பியவர்கள், மனிதரைக் காக்கவும் அதே துணியை எடுத்தால் என்ன?

மண்டபத்தை விட்டு வெளியேறும் வாசலில் சமத்துவம் இருக்கிறது. அதை உள்ளே நுழையும் வாசலுக்கும் கொண்டு வருவோம் என்பதே நம் வேண்டுகோள். தோழர்களே, திருமண வயதில் நிற்பவர்கள் நீங்கள். தட்டு உங்களுக்காகவே நிரம்புகிறது. ஆகவே அதை நிறுத்தும் உரிமையும் உங்களிடமே இருக்கிறது. என் திருமணத்தில் சீர் ஊர்வலம் இல்லை என்று மணமகன் சொல்லட்டும். அன்போடு வருவது எதுவாயினும் ஒரு துணியில் பொதிந்து வரட்டும். ஒலிபெருக்கி வாழ்த்தை மட்டும் சொல்லட்டும். மொய் எழுதியே ஆக வேண்டுமென்றால், ஏடு ஒரு மூலையில் அமைதியாக இருக்கட்டும். மணமகளுக்கு வந்த பொருள்களின் பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டு, அதை அவள் கையில் கொடுக்கட்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டாம், பெரும்பொருள் வேண்டாம். பெற்றோர் முன் ஒருமுறை வாய் திறந்து பேசும் துணிவு வேண்டும்.

'நீ ஒருவன் நிறுத்தினால் ஊர் நிறுத்துமா' என்பார்கள். ஊர் என்பது யார்? எண்ணிக் கொண்டு நின்ற கண்கள்தானே! அன்று கூட்டேரிப்பட்டில் எண்ணிய கண்களுள் நம் கண்களும் இருந்தன. அதை மறைக்க மாட்டோம். முப்பத்தொன்று என்று அந்தப் பெண் சொன்னபோது, நம் எண்ணிக்கையும் முப்பத்தொன்றாகவே இருந்தது. அவள் தந்தையின் கையை நடுங்க வைத்த தெருவில் நாமும் ஒரு பங்கு. பாடம் சொல்லிக் கொடுக்கும் நமக்கு அவள் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

அவள் தந்தையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். மகளுக்குத் தட்டு வைக்கக் குறித்த பணத்தைக் கல்லூரிக்குக் கட்டுங்கள் என்று சொல்லப் போகிறோம். கேட்பாரா, அறியோம். "ஊர் என்ன சொல்லும், ஐயா?" என்று அவர் கேட்டால், "ஊரில் ஒருவர் இனி எண்ண மாட்டார்" என்று மட்டும் உறுதி கூற முடியும். இதைப் படிக்கும் நீங்களும் அவ்வாறே முடிவு செய்தால், அடுத்த தந்தையிடம் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.